பதவி உறுதிமொழிப் படிவங்கள்: கேட்டவையும் பதில்களும்

(கடலூர் மாவட்ட ஊராட்சி ஒன்றிய அலுவலகங்களில் எழுத்தராகத் தொடங்கிக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவர் பதிலளிக்கிறார்.)

பண்ருட்டி வாசகர்: 2020-இல் பதவியேற்ற வார்டு உறுப்பினரின் உறுதிமொழிப் படிவத்தை எங்கே தேடுவது?

முதலில் ஊராட்சி அலுவலகத்திலும், அங்கே இல்லையெனில் வட்டார வளர்ச்சி அலுவலகத்திலும் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டுக் கிடைக்காவிட்டால் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டித் தகவல் உரிமை மனு கொடுங்கள். படிவம் கைக்கு வந்ததும் கையெழுத்தை விட்டுவிட்டுத் தேதியைப் பாருங்கள். அந்த முறை நம் மாவட்டத்தில் பதவியேற்பு நாள் 2020 சனவரி 6. ஆனால் ஐந்தாண்டுப் பதவிக்காலத்தை முதல் கூட்டத்துக்குக் குறித்த நாளிலிருந்தே அரசமைப்புச் சட்டம் எண்ணுகிறது என்பதால், படிவத்தில் ஒரு தேதியும் தீர்மானப் புத்தகத்தில் வேறொரு தேதியும் இருந்தால் பின்னால் விளக்கம் எழுதுகிறவர் பாடு திண்டாட்டம்தான். தேதியை உறுப்பினரே தம் கையால் எழுத வேண்டும். 2011 அக்டோபரில் வாங்கிய படிவங்களை ஓர் அலுவலகத்தில் தரையோடு கிடந்த மரப்பெட்டியில் வைத்திருந்தார்கள். அவ்வாண்டு டிசம்பர் 30-இல் தானே புயல் வந்தபோது ஊதா நிறத் தேதி முத்திரைகள் முழுவதும் கரைந்துபோயின, பேனாவால் எழுதியவற்றில் பாதியாவது படிக்கும்படி இருந்தது.

வில்லியனூர் வாசகர்: எங்கள் கொம்யூனுக்கும் (புதுச்சேரியின் ஊரக உள்ளாட்சி அமைப்பு) இதே படிவம்தானா?

இல்லை. புதுச்சேரிக்கு 1973-ஆம் ஆண்டின் தனிச் சட்டங்கள் உண்டு. அங்கே 1968-க்குப் பிறகு 2006-இல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது; ஆகவே பழைய படிவங்களைக் கொம்யூன் பஞ்சாயத்து ஆணையரிடம் கேளுங்கள்.

விருத்தாசலம் வாசகர்: படிவத்தில் “உளமாற” என்று அச்சாகியிருக்கிறது. சரிதானா?

தவறு. ஆர்தல் என்றால் நிறைதல். கண்ணாரக் கண்டேன், வாயார வாழ்த்தினாள் என்பதுபோல உளம் ஆர, உளமார. வல்லின றகரம் போட்டால் உள்ளம் மாறுவதாகவோ ஆறிப்போவதாகவோ பொருள்படும். பதவியேற்ற முதல் நாளே உள்ளம் மாறுவதாக எழுதிக் கொடுப்பானேன்?

சிதம்பரம் வாசகர்: காதுக்கு இரண்டும் ஒன்றுதானே, இதற்கு இவ்வளவு வாதம் வேண்டுமா?

வேண்டும். படிவம் காதுக்காக அன்று, கோப்புக்காக. எழுத்துப் பிழையால் ஒருவர் பதவி இழந்து நான் பார்த்ததில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய தவறு, படிவத்தில் ஒன்றைத் தேர்ந்துகொள்வதற்காக அச்சாகியிருக்கும் “கடவுள் பெயரால்”, “உளமார” என்ற இரண்டில் எதையும் அடிக்காமல் அப்படியே விட்டுவிடுவது. ஒன்றை அடித்துச் சுருக்கொப்பம் இடுங்கள்.

குறிஞ்சிப்பாடி வாசகர்: படிவம் எங்கே இருக்கும்?

முதல் பதிலைப் படியுங்கள்.

பரங்கிப்பேட்டை வாசகர்: தனி அலுவலரின் உறுதிமொழிப் படிவம் கிடைக்குமா?

தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் இல்லாத காலத்தில் ஊராட்சியை நடத்தும் அவர் அரசு ஊழியர். பொறுப்பேற்பு அறிக்கையைக் கேளுங்கள்.

நெய்வேலி வாசகர்: தொலைந்த படிவத்துக்குப் பதிலாகப் புதிதாகக் கையெழுத்து வாங்கிப் பழைய தேதி போடலாமா?

கூடவே கூடாது, அது பொய் ஆவணம். பதவியேற்பைப் பதிவு செய்த தீர்மானப் புத்தகப் பக்கத்தின் சான்றிட்ட நகலைக் கோப்பில் சேர்த்து, “அசல் படிவம் காணப்படவில்லை” என்று குறிப்பெழுதி ஒப்பமிடுங்கள். அதன் கீழே இன்றைய தேதி, பேனாவால்.