கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள்: வேசோவேகல் மயக்கம் – கேள்வி பதில்

அடிக்கடி மயங்கி விழுவது பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். இதயத் துடிப்பும் பிரஷரும் திடீரென்று குறைந்து, சில நொடி நினைவு தப்புவதுதான் வேசோவேகல் மயக்கம். எனக்குப் பள்ளி நாளிலிருந்தே இது உண்டு. செவிலியராக வேலை பார்த்தபோது இதே தொல்லையோடு வந்தவர்கள் பலரைக் கவனித்திருக்கிறேன். தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, திருச்சி: அக்கா, ரத்தப் பரிசோதனைக்கு ஊசியை எடுத்தாலே மயங்கிவிடுகிறேன். இ.சி.ஜி., எக்கோ எல்லாம் நார்மல். உடம்பில் என்னதான் நடக்கிறது?

ஊசியைப் பார்த்ததும், மூளையிலிருந்து இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைக் குறைத்துவிடுகிறது. அதே நேரத்தில் ரத்தக் குழாய்கள் தளர்ந்து, ரத்தம் கால்களிலும் வயிற்றிலும் தங்கிவிடுகிறது. பிரஷர் சரிகிறது, மூளைக்குப் போகும் ரத்தம் சில நொடிகள் குறைகிறது, நீங்கள் விழுகிறீர்கள். படுத்த நிலைக்கு வந்ததும் ரத்தம் மூளைக்குத் திரும்பிவிடும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் நினைவும் வந்துவிடும். இதயத்தில் கோளாறு இருந்துதான் இப்படி வரும் என்றில்லை.

'படுத்துக்கொண்டுதான் ரத்தம் கொடுப்பேன்' என்று லேபில் முதலிலேயே சொல்லுங்கள். இன்னொன்று, 'உடம்பைத் தளர்த்தி மூச்சை இழுத்துவிடு' என்று சொல்வார்கள். உங்களுக்குத் தேவை அதற்கு நேர்மாறானது. கால், வயிறு, ஊசி போடாத கை ஆகியவற்றின் தசைகளை முகம் சூடேறும்வரை 10, 15 நொடி இறுக்குங்கள். பிறகு அரை நிமிடம் விட்டு, மறுபடி இறுக்குங்கள். ஸ்வீடனின் உளவியலாளர் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1980-களில் ரத்தம், ஊசி என்றால் பயப்படுகிறவர்களுக்காக வகுத்த பயிற்சி இது. வீட்டிலேயே சில வாரம் பழகிவிட்டுப் போங்கள்.

துணிக்கடை ஊழியர், கோவை: பண்டிகை சீசனில் நின்றுகொண்டே இருக்கும்போது விழுந்துவிடுகிறேன். எல்லோரும் வேடிக்கை பார்ப்பதுதான் பெரிய வேதனை, அக்கா.

தம்பி, அந்த வெட்கம்தான் ஆபத்து. மயக்கம் வரும் முன் உடம்பு சொல்லிவிடும்: கொட்டாவி, குளிர்ந்த வியர்வை, குமட்டல், காது அடைப்பது, பார்வை ஓரங்களிலிருந்து இருண்டு வருவது. பலருக்கும் அந்த நேரத்தில் 'பாத்ரூம் போய் முகம் கழுவிக்கொள்ளலாம்' என்றுதான் தோன்றும். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டபிறகு விழுவார்கள். வாஷ்பேசின் விளிம்பில் நெற்றி மோதும், கதவைத் திறக்கவும் ஆள் இருக்காது. தையல் போட வந்த பலரிடம் இதே கதையைக் கேட்டிருக்கிறேன். நின்ற இடத்திலேயே படுங்கள். துணி மூட்டைமேல் காலைத் தூக்கி வைத்தால் இன்னும் நல்லது. யார் பார்த்தால் என்ன?

படுக்கவே இடமில்லை என்றால் கால்களைப் பின்னிக்கொண்டு தொடை, பிட்டம், வயிறு மூன்றையும் இறுக்குங்கள். இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுங்கள். சரிந்த பிரஷர் கொஞ்சம் ஏறும், உட்கார அவகாசம் கிடைக்கும். மயக்கம் தெளிந்தபின் சட்டென்று எழாதீர்கள், மறுபடி விழ வைக்கும்.

அப்புறம், கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தமே வந்திருக்கிறது. ஸ்டூல் கேட்பது உங்கள் உரிமை, தயங்காமல் கேளுங்கள்.

ஒரு தாய், மதுரை: மகன் பள்ளி பிரேயரில் விழுந்தபோது கை கால் இழுத்ததாம். வலிப்பு என்று கையில் சாவியைக் கொடுத்து, தூக்கி உட்காரவைத்து சோடா ஊற்றியிருக்கிறார்கள். வலிப்புதானா?

அம்மா, சாதாரண மயக்கத்திலும் சில நொடி கை கால் வெட்டி இழுப்பதுண்டு. வெளிறி, வியர்த்து விழுந்து, நினைவு வந்ததும் ஆளைத் தெளிவாக அடையாளம் கண்டு பேசினான் என்றால் வேசோவேகலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நாக்கின் பக்கவாட்டில் கடி, வெகுநேரம் குழம்பிக் கிடப்பது ஆகியவை வலிப்பைச் சந்தேகிக்க வைப்பவை. மருத்துவர்தான் உறுதிப்படுத்த வேண்டும். விழுந்ததைப் பார்த்த ஆசிரியரையும் அழைத்துப் போங்கள், அவர் சொல்வதுதான் பாதி பரிசோதனை.

சாவியால் பயன் இல்லை. உட்காரவைப்பது மூளைக்கு ரத்தம் திரும்புவதைத் தடுக்கும். நினைவில்லாதவர் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். தரையில் படுக்கவைத்து, கால்களை உயர்த்தி, டையையும் பெல்ட்டையும் தளர்த்தினால் போதும். வாந்தி வந்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். இதை ஒரு தாளில் எழுதி வகுப்பாசிரியரிடம் கொடுங்கள். காலைச் சாப்பாடும் தண்ணீரும் இல்லாமல் அனுப்பாதீர்கள்.

மென்பொருள் ஊழியர், சென்னை: மாத்திரை உண்டா? உப்பு கூட்டலாமா?

தண்ணீர்தான் முதல் மருந்து, பகலில் பரவலாகக் குடியுங்கள். பிரஷர், சிறுநீரகம், இதயத் தொல்லை இல்லாதவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உப்பைக் கூட்டலாம். அடிக்கடி விழுபவர்களுக்கு மிடோட்ரின், ஃப்ளூட்ரோகார்டிசோன் தருவதுண்டு, தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. முன்னறிகுறி இல்லாமல் விழுபவராக இருந்தால், மருத்துவர் சரி என்று சொல்லும்வரை பைக்கைத் தொடாதீர்கள்.

ஓய்வுபெற்றவர், தஞ்சாவூர்: வயது 68. இரவில் சிறுநீர் கழிக்கும்போது விழுந்தேன். பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன்.

ஐயா, பிரஷர் மாத்திரைகளும் புராஸ்டேட் மாத்திரைகளில் சிலவும் எழுந்து நிற்கும்போது பிரஷரை இறக்கக்கூடியவை. நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், சீட்டை எடுத்துக்கொண்டு போய் மருத்துவரிடம் அளவையும் நேரத்தையும் கேளுங்கள். இரவில் கட்டிலில் கொஞ்சம் உட்கார்ந்திருந்து எழுங்கள், சிறுநீரையும் உட்கார்ந்தே கழியுங்கள்.

உங்கள் வயதில் முதல் மயக்கத்தை வேசோவேகல் என்று நாமே முடிவுகட்டக் கூடாது, இ.சி.ஜி. கட்டாயம். எந்த வயதானாலும் ஓடும்போதோ மாடிப்படி ஏறும்போதோ மயங்கினால், படுத்திருக்கும்போதே மயங்கினால், மயங்கும் முன் நெஞ்சு படபடத்தால் அல்லது வலித்தால், குடும்பத்தில் யாராவது இளவயதில் திடீரென்று இறந்திருந்தால், நான் மேலே சொன்ன எதையும் செய்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.