வாசகர் கேள்வி பதில்: மாலத்தீவுக் கடலில் ஏழு இரவுகளும் 72 மணி நேரக் கணக்கும்

சென்ற இதழில் ஸ்கூபா முக்குளிப்பைப் பற்றிப் போகிற போக்கில் எழுதிய சில வரிகளுக்கு எதிர்பாராத அளவில் கடிதங்கள் வந்துள்ளன. அவற்றில் பெரும்பாலானவை, படகிலேயே உண்டு உறங்கி நாளொன்றுக்கு மூன்று முறை கடலில் இறங்கும் லைவ்அபோர்ட் பயணத்தைப் பற்றியவை. பயண விதிகள் குறித்த விடைகள் 2022 ஜனவரி இறுதியில், கோவிட் கட்டுப்பாடுகள் நடப்பில் இருந்தபோதைய நிலவரப்படி எழுதப்பட்டவை; இங்கே சொல்லப்படும் பரிசோதனை, தனிமை விதிகள் அதன்பின் விலக்கப்பட்டுவிட்டன. பயண விதிகள் எந்த நேரமும் மாறலாம் என்பதால், சீட்டு வாங்கும் நாளிலும் புறப்படுவதற்கு முந்தைய நாளிலும் அவற்றை மீண்டும் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் மார்ச் மாதம் மாலத்தீவில் ஏழு இரவுப் படகுப் பயணம் செல்ல எண்ணியுள்ளோம். இந்தியா திரும்ப, புறப்படுவதற்கு முந்தைய 72 மணி நேரத்துக்குள் எடுத்த, கோவிட் இல்லை என்று காட்டும் ஆர்.டி.-பி.சி.ஆர். சான்றிதழ் வேண்டும் என்கிறார்கள். நடுக்கடலில் இருந்துகொண்டு அதை எப்படிப் பெறுவது? முக்குளித்தவுடன் விமானம் ஏறக்கூடாது என்ற விதியும் இருக்கிறதே? (ஒரு வாசகர், சென்னை)

பதில்: திரும்பும் விமானத்திலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுங்கள். புறப்படும் நாளிலிருந்து திட்டமிடத் தொடங்குபவர்கள்தாம் கடைசி நாளில் மாலே விமான நிலையத்தில் தவிக்கிறார்கள்.

உங்கள் விமானம் ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு என்று வைத்துக்கொள்வோம். சளி மாதிரியை வியாழன் பிற்பகல் 3 மணிக்கு முன்னால் எடுத்திருந்தால் அந்தச் சான்றிதழ் செல்லாது. இது முதல் கடிகாரம். இரண்டாவது கடிகாரம் உடலுக்குள் ஓடுகிறது. ஆழத்தில் சுவாசிக்கும் காற்றிலுள்ள நைட்ரஜன் திசுக்களில் கரைந்து தங்குகிறது. விமான அறையின் காற்றழுத்தம் ஏறத்தாழ 1,800 முதல் 2,400 மீட்டர் உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது என்பதால், கரைந்த வாயு முழுதாக வெளியேறுமுன் பறந்தால் அது குமிழிகளாக மாறி, முக்குளிப்பவர்கள் ‘பெண்ட்ஸ்’ என்று சொல்லும் நோயைக் கொண்டுவரக்கூடும். பல நாள் தொடர்ந்து முக்குளித்தவர்கள் குறைந்தது 18 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. படகுக்காரர்கள் பெரும்பாலும் 24 மணி நேரம் என்றே வைத்திருப்பார்கள், நீங்களும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். ஆக, சனிக்கிழமைக் காலையோடு முக்குளிப்பு முடிந்துவிட வேண்டும்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், மாதிரி எடுக்கத் தோதான நேரம் வெள்ளிக்கிழமை மாலை. அப்படியானால் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: வெள்ளி மாலை படகு எங்கே நிற்கும்? மாலேயிலிருந்து கிளம்பி, வாவு அடோல் (அடோல் என்பது வளைய வடிவப் பவளத் தீவுக் கூட்டம்), தெற்கு ஆரி, வடக்கு ஆரி என்று சுற்றி மாலே திரும்புகிற வழக்கமான மத்தியப் பாதையில் சென்றால், அந்நேரம் படகு தலைநகரிலிருந்து வெகுதூரத்தில் இராது. மாதிரி எடுப்பவர் படகுக்கே வருவாரா, அல்லது நீங்கள் ஒரு தீவின் சுகாதார மையத்துக்குப் போக வேண்டுமா, முடிவு எத்தனை மணி நேரத்தில் வரும், கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை முன்பணம் செலுத்துமுன் மின்னஞ்சலில் எழுதி வாங்குங்கள். ‘அதெல்லாம் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பதில் வந்தால் வேறு படகு பாருங்கள். தென்கோடி அடோல்களுக்குச் செல்லும் பாதைகளை இந்த ஆண்டுக்குத் தவிர்த்துவிடலாம் என்பது என் கருத்து. மூக்கில் குச்சி விட்டபின் சிலருக்குச் சிறிது நேரம் உள்ளே எரிச்சல் இருக்கும். காது அழுத்தத்தைச் சமன்செய்ய மூக்கைப் பிடித்து ஊத வேண்டிய நாம், அன்றைய கடைசி முக்குளிப்பு முடிந்த பிறகு பரிசோதனையை வைத்துக்கொள்வது நல்லது.

முடிவு வந்ததும், வெளிநாட்டிலிருந்து வருபவர்களுக்காக இந்திய அரசு அப்போது நடத்திய ஏர் சுவிதா இணையதளத்தில் பதிவேற்ற வேண்டியிருந்தது. ஆரி அடோலில் பெரும்பாலான இடங்களில் கைபேசி சிக்னல் கிடைக்கும் என்றாலும், இதை விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு செய்யாமல் சனிக்கிழமை இரவே முடித்துவிடுவதே நல்லதாக இருந்தது.

போகும்போதும் வேலை உண்டு. 2022 தொடக்கத்தில், புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். சான்றிதழை மாலத்தீவு கேட்டது. இமுகா என்னும் இணையப் படிவத்தையும் நிரப்ப வேண்டும். சான்றிதழில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பதில்தான் தமிழர்களாகிய நாம் இடறி விழுகிறோம். கடந்த நவம்பரில் நான் சென்றபோது, பரிசோதனைக்கூடத்தில் என் பெயரை முன்னெழுத்தோடு அச்சிட்டுக் கொடுத்துவிட்டார்கள். கடவுச்சீட்டிலோ தந்தையின் பெயர் முழுதாக நின்றது. விமான நிலையக் கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டையும் அருகருகே வைத்து, அந்த ஒற்றை எழுத்தின்மேல் பேனா முனையை வைத்தபடி என்னை நிமிர்ந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. திருத்திய சான்றிதழ் கைபேசிக்கு வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆனது. மாதிரி கொடுக்கும்போதே கடவுச்சீட்டைக் காட்டி, கணினித் திரையில் பெயரை நீங்களே படித்துப் பாருங்கள்; கோவின் தடுப்பூசிச் சான்றிதழிலும் கடவுச்சீட்டு எண்ணை இணைத்துவிடுங்கள்.

விடுப்புக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாரும் ஏழு நாள் வீட்டுத் தனிமையில் இருந்து எட்டாம் நாள் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்ற விதி 2022 ஜனவரி 11 முதல் நடப்பில் இருந்தது. அது நடப்பில் இருந்தவரை, ஒரு வாரப் பயணத்துக்கு இரண்டு வாரத்துக்கும் மேல் விடுப்பு வேண்டியிருந்தது.

கேள்வி: சென்ற ஆண்டு மே மாதம் கோவிட் வந்து ஆறு நாள் ஆக்ஸிஜனில் இருந்தேன். இப்போது மாடிப்படி ஏறினால்கூட மூச்சு வாங்குவதில்லை. முக்குளிக்கலாமா? (ஒரு வாசகர், கோயம்புத்தூர்)

பதில்: படி ஏறுவது வேறு, பத்து மீட்டர் ஆழத்திலிருந்து மேலே ஏறுவது வேறு. பத்து மீட்டரில் நம்மைச் சுற்றியுள்ள அழுத்தம் நிலமட்டத்தைப் போல இரு மடங்கு. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது இரு மடங்காக விரியும். ஆரோக்கியமான நுரையீரல் அதை மூச்சோடு வெளியேற்றிவிடும். தழும்பேறிய நுரையீரலில் காற்று ஏதாவதொரு மூலையில் அடைபட்டால், விரியும் காற்று திசுவைக் கிழித்துக்கொண்டு இரத்தத்தில் கலக்கும் ஆபத்து உண்டு. இந்தப் பாதிப்பு நிலத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருக்கலாம். அதனால் உங்கள் மூச்சு இப்போது நன்றாக இருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது.

ஆக்ஸிஜன் தேவைப்பட்ட அளவுக்கு நோய் வந்தவர்களை மருத்துவர் பார்க்காமல் கடலில் இறக்கக்கூடாது என்பதில் முக்குளிப்பு மருத்துவ அறிஞர்களிடையே இணக்கம் இருக்கிறது. நெஞ்சுப் படம், நுரையீரல் செயல்பாட்டுச் சோதனை, இதயப் பரிசோதனை, உடற்பயிற்சித் தாங்குதிறன் ஆகியவற்றை அவர் கேட்கக்கூடும். முக்குளிப்பு மருத்துவம் அறிந்தவர் ஒருவரைத் தேடிப் போவதே சிறந்தது. கிடைக்காவிட்டால் நுரையீரல் நிபுணரிடம் செல்லுங்கள். ஆனால், ‘நீந்தலாமா’ என்று கேட்காமல், ‘அழுத்தக் காற்றைச் சுவாசித்தபடி 30 மீட்டர் வரை இறங்கலாமா’ என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு எளிதில் சரி என்று சொல்லிவிடுவார். (மாலத்தீவில் பொழுதுபோக்கு முக்குளிப்புக்குச் சட்டப்படி 30 மீட்டர்தான் எல்லை.)

படகில் முதல் நாள் தரும் மருத்துவப் படிவத்தில் கோவிட் பற்றியும் கேட்பார்கள். ‘ஆம்’ என்று குறித்தால் மருத்துவர் கையெழுத்து வேண்டும். நடுக்கடலில் கையெழுத்திட மருத்துவர் இருக்கமாட்டார். அதற்காக ‘இல்லை’ என்று குறித்துவிட்டுத் தப்பிக்க நினைக்காதீர்கள். ஊரிலேயே கையெழுத்து வாங்கிக் கொண்டுபோங்கள்.

மோப்பம் முழுதாகத் திரும்பிவிட்டதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டரைத் திறந்ததும் காற்றை முகர்ந்து, எண்ணெய் வாடை அடித்தால் அதை ஒதுக்கிவிடுவது பழைய பழக்கம். மோப்பம் இல்லாதவர் தன் சிலிண்டரையும் கூட்டாளியை முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

கேள்வி: படகு நிறுவனம் முழுப் பணத்தையும் இப்போதே கேட்கிறது. பயணக் காப்பீடு எடுத்திருக்கிறேன். போதாதா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: அநேகமாகப் போதாது. பொதுவான பயணக் காப்பீடு முக்குளிப்பைச் சாகச விளையாட்டு என்று விலக்கியிருக்கும். முக்குளிப்புக்கென்று எடுக்கும் காப்பீடு பெண்ட்ஸ் நோய்க்கான உயரழுத்த அறைச் சிகிச்சையைத் தாங்கும், ஆனால் கோவிட் தனிமைச் செலவைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. இரண்டும் தேவை, இரண்டின் விலக்குப் பகுதியையும் படியுங்கள்.

படகுக்காரரிடம் மூன்று சூழல்களைத் தனித்தனியாகக் கேளுங்கள். புறப்படுமுன் உங்களுக்குத் தொற்று வந்தால் என்ன, அரசு எல்லையை மூடினால் என்ன, பயணத்தின் நடுவில் வேறொருவருக்குத் தொற்று வந்து முக்குளிப்பு நின்றால் என்ன? முதல் இரண்டுக்கும் ‘வேறு தேதிக்கு மாற்றித் தருவோம்’ என்பார்கள்; அந்த மாற்றத்துக்கு ஓராண்டாவது அவகாசம் கேளுங்கள். 2021 மே மாதம் தெற்காசியப் பயணிகளுக்கு மாலத்தீவு கதவை மூடி, ஜூலை 15 அன்றுதான் திறந்தது; குறுகிய அவகாசம் பெற்றவர்களுக்கு அது பயன்பட்டிராது. மூன்றாவது கேள்விக்குத் தெளிவான பதில் வருவது அரிது. தொற்றாளருக்கென ஓர் அறையைக் காலியாக வைத்திருக்கிறார்களா, கரையில் தனிமைப்பட நேர்ந்தால் அறை வாடகை யாருடையது என்றாவது தெரிந்துகொள்ளுங்கள். பசுமை வரியும், சுற்றுலா விற்பனை வரியும் விளம்பரத் தொகையில் சேர்ந்துள்ளனவா என்பதும் கேட்க வேண்டியதே.

கேள்வி: தாய்லாந்தின் சிமிலன் தீவுகள் எளிதாக இருக்குமா? (ஒரு வாசகர், தூத்துக்குடி)

பதில்: கடல் அருமை, பருவமும் சரி, அந்தப் பூங்கா மே மாத நடுப்பகுதி வரை திறந்திருக்கும். ஆனால் 2022 பிப்ரவரி 1 முதல் மீண்டும் தொடங்கிய ‘டெஸ்ட் அண்ட் கோ’ முறையில், வந்த முதல் நாளும் ஐந்தாம் நாளும் பரிசோதனை செய்து, அவ்விரு இரவுகளும் முன்பதிவு செய்த விடுதியில் தங்க வேண்டியிருந்தது. இடையில் மூன்று இரவுப் படகுப் பயணம் மட்டுமே அடங்கியது. நீண்ட பயணம் வேண்டியவர்கள் ஐந்தாம் நாளுக்குப் பிறகே படகேற முடிந்தது.

கேள்வி: படகில் இருபது பேர் ஒன்றாக இருக்கும்போது கருவிகள் வழியாகத் தொற்று பரவாதா? வேறு என்ன கவனிக்க வேண்டும்? (ஒரு வாசகர், நாகர்கோவில்)

பதில்: உறங்குவது பெரிய படகில், முக்குளிக்கக் கிளம்புவது சிலிண்டர்களைச் சுமந்துகொண்டு கூடவே வரும் சிறிய படகில். அதைத் திவேகி மொழியில் ‘தோனி’ என்பார்கள். நம் தோணியின் உறவுதான். காற்றோட்டமான அந்தத் தோணியைவிட, கதவடைத்துக் குளிரூட்டிய உணவுக்கூடமே எனக்குக் கவலை தருவது. மேல்தளத்தில் உண்ண வசதியுள்ள படகாகப் பாருங்கள்.

முக்குளிப்பு முகமூடியின் கண்ணாடியில் பனி படராமலிருக்க எச்சில் தடவித் துடைத்துப் பொதுத் தொட்டியில் அலசுகிற வழக்கத்தை விட்டுவிடுங்கள். குழந்தைகளுக்கான ஷாம்பு இரண்டு சொட்டு போதும், கண்ணும் எரியாது. சிலிண்டரிலிருந்து காற்றை வாய்க்குத் தரும் கருவியான ரெகுலேட்டரை உங்களுடையதாகக் கொண்டுபோங்கள். முடியாவிட்டால் வாயில் கடிக்கும் ரப்பர்ப் பகுதியையாவது புதிதாக வாங்கி, முதல் நாளே மாற்றிப் பொருத்தச் சொல்லுங்கள்.

கோவிட் பேச்சில் மறந்துபோகிற ஒன்று தீ. 2019 செப்டம்பர் 2 அன்று, கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் தீவருகே நின்றிருந்த கன்செப்ஷன் என்ற முக்குளிப்புப் படகு இரவில் எரிந்து, கீழ்த்தளத்தில் உறங்கிய 34 பேர் இறந்தனர். இரவில் சுற்றிவரும் காவல் அங்கே இல்லை என்று விசாரணை வாரியம் குறிப்பிட்டது. இரவுக் காவலுக்கு யார் இருப்பார், கேமரா பேட்டரிகளை எங்கே சார்ஜ் செய்வார்கள், உறங்கும் தளத்திலிருந்து வெளியேற இரண்டாவது வழி எங்கே என்று முதல் மாலையே கேளுங்கள். அந்த இரண்டாவது வழியில் நீங்களே ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு உறங்கப் போங்கள்.