மே மாதக் காவிரிக் கரையில் சைக்கிள் பயணம்: ஆற்றை நம்பலாமா?

கேள்வி: நானும் என் மைத்துனரும் மே இரண்டாம் வாரத்தில் மேட்டூரிலிருந்து பூம்புகார் வரை காவிரிக் கரையோரமாகச் சைக்கிளில் போக இருக்கிறோம். ஒரு நாளைக்கு 80 கிலோமீட்டர், நான்கே நாள் என்பது திட்டம். ஆறு பக்கத்திலேயே இருப்பதால் வெயில் அவ்வளவாகத் தாக்காது என்கிறார் மைத்துனர். எனக்கு 46 வயது, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். என்னென்ன ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் மைத்துனர் ஆடி மாதக் காவிரியை நினைத்துக்கொண்டு மே மாதத்துக்குத் திட்டம் போடுகிறார். பாசனத்துக்காக மேட்டூர் அணையைத் திறப்பது வழக்கப்படி ஜூன் 12-இல்தான். அதற்கு முன்பு குடிநீருக்காக விடப்படும் தண்ணீர்தான் ஆற்றில் இருக்கும். மேட்டூருக்கும் ஈரோட்டுக்கும் இடையே கதவணைகள் தேக்கி வைத்திருப்பதால் ஆறு ஆறாகவே தெரியும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். கொடுமுடி தாண்டினால் மாயனூர்க் கதவணை போன்ற சில இடங்கள் தவிர மணல்தான். அகன்ற மணல்வெளி குளிர்ச்சி தராது, வெயிலை முகத்தில் திருப்பி அடிக்கும். கல்லணைக்குக் கீழே வாய்க்கால்களும் பெரும்பாலும் வறண்டிருக்கும்.

ஆகவே கிலோமீட்டர் கணக்கை விட்டுவிட்டுக் கடிகாரக் கணக்குக்கு வாருங்கள். விடியற்காலை 5 மணிக்குப் புறப்பட்டு ஒன்பதரைக்குள் நிறுத்திவிட வேண்டும். மாலையில் ஐந்து மணிக்கு மேல் ஒரு மணி நேரமோ ஒன்றரை மணி நேரமோ ஓட்டினால் போதும். இப்படிப் போனால் நாளொன்றுக்கு 50, 55 கிலோமீட்டர் நிதானமாக வரும். மொத்தத் தூரம் முந்நூறுக்கு மேல் என்பதால் ஆறு நாள் ஒதுக்குங்கள். நண்பகலுக்கு மரநிழலை நம்ப வேண்டாம். கோயில்களும் மதியம் நடை சாத்திவிடுவார்கள். முந்தைய நாளே விடுதி அறை பேசி வைத்துக்கொள்வது நல்லது. பகல் ஆறு மணி நேரம் மின்விசிறிக்கு அடியில் படுத்திருப்பதும் பயணத்தில் சேர்ந்ததுதான்.

இந்தப் பாதையில் இரண்டு விதமான வெயில் உண்டு. ஈரோடு, கரூர், திருச்சிப் பகுதியில் காற்று வறண்டது. வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவது அங்கே சாதாரணம். வியர்வை உடனுக்குடன் காய்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போகிறது என்றே தெரியாது. சட்டையில் உப்புக் கோடு விழுந்த பிறகுதான் புரியும். இந்தப் பகுதியில் கழுத்தில் ஈரத் துண்டு போட்டால் நன்றாகக் குளிரும். பாட்டிலைச் சுற்றி ஈரத்துணி கட்டினால் தண்ணீரும் சூடேறாது. கும்பகோணத்துக்குக் கிழக்கே நிலைமை வேறு. வெப்பமானி இரண்டு மூன்று டிகிரி குறைவாகக் காட்டினாலும் புழுக்கத்தில் வியர்வை காயாது, உடல் சூடு இறங்க வழியில்லை. ஈரத் துண்டு அங்கே வெறும் சுமை. வேகத்தைக் குறைப்பதுதான் மருந்து. பலர் கரூரைச் சமாளித்துவிட்டு மயிலாடுதுறைப் பக்கம் சுருண்டு விழுவது இதனால்தான்.

வெயிலில் ஓட்டும்போது மணிக்கு ஒரு லிட்டர் வியர்ப்பது எளிது. அதை வெறும் தண்ணீராலேயே ஈடுகட்டினால் ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். வெயில்தான் காரணம் என்று நினைத்து மேலும் தண்ணீர் குடிப்பார்கள், நிலைமை மோசமாகும். உப்புப் போட்ட மோர், நீராகாரம், ஓஆர்எஸ் பொட்டலம் மூன்றும் நல்லவை. பொட்டலம் இல்லாத இடத்தில் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு மட்டத் தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்துகொள்ளலாம். இளநீரைப் பற்றி நம் ஊரில் பெரிய நம்பிக்கை உண்டு. அதில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம். தாராளமாகக் குடியுங்கள், கூடவே உப்புப் போட்ட எதையாவது சாப்பிடுங்கள். நுங்குக்கும் இதே பேச்சுத்தான்.

ஆனால் உங்கள் விஷயத்தில் உப்பு விவகாரத்தை மருத்துவரிடம் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். ரத்தக் கொதிப்பு மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூடுதலாகப் பிரியச் செய்பவை. வெயிலில் அவை உடலை விரைவில் வறட்டிவிடும். மாத்திரைச் சீட்டை எடுத்துப் போய், இப்படி ஒரு பயணம் என்று சொல்லிக் கேளுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். புறப்படுவதற்கு முந்தைய இரண்டு வாரம் தினமும் ஒரு மணி நேரம் காலை எட்டு மணி வெயிலில் ஓட்டிப் பழகினால் உடல் வெப்பத்துக்குத் தயாராகும்.

வண்டியைப் பொறுத்தவரை வெயிலில் டயர் வெடிக்கும் என்ற பயம் தேவையில்லை. கரைப் பாதையில் கொட்டிக் கிடக்கும் சீமைக்கருவேல முள்தான் எதிரி. ஆளுக்கு இரண்டு டியூப், ஒரு பம்பு, பிரிக்காத பசைக் குழாய் ஒன்று கட்டாயம். திறந்த குழாய் இந்த வெயிலில் காய்ந்துபோகும்.

குளிக்க ஆசை வரும். மணல் அள்ளிய பள்ளங்களில் தேங்கிய நீர் அமைதியாகத் தெரியும், ஆழம் தெரியாது. கதவணைகளுக்குக் கீழே நீர்மட்டம் திடீரென ஏறும். ஊர்க்காரர்கள் குளிக்கும் படித்துறையில் மட்டும் இறங்குங்கள்.

மைத்துனர் பேச்சில் தடுமாறினாலோ, நேராக ஓட்ட முடியாமல் தள்ளாடினாலோ, வியர்வை நின்றால்தான் ஆபத்து என்று நினைத்துக் காத்திருக்காதீர்கள். உழைக்கும்போது வரும் வெப்பத் தாக்கில் உடல் நனைந்திருக்கும்போதே நினைவு தப்பும். நிழலில் கிடத்தி, கையில் இருக்கும் தண்ணீரையெல்லாம் உடல் முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நினைவு தெளிவாக இல்லாதவருக்கு வாயில் எதுவும் புகட்டக் கூடாது. வெறும் சோர்வுதான் என்றால் வேறு வழி இருக்கிறது: ஈரோட்டிலிருந்து கொடுமுடி, கரூர், குளித்தலை வழியாகத் திருச்சி வரை ரயில் பாதை ஆற்றை ஒட்டியே வருகிறது. கும்பகோணத்திலும் மயிலாடுதுறையிலும் நிலையம் உண்டு. முடியாத நாளில் சைக்கிளை பார்சலில் போட்டுவிட்டு ரயில் ஏறிவிடுங்கள்.

கடைசி நாள் பூம்புகார்ப் பகுதியை மட்டும் மாலைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். பிற்பகலில் கடற்காற்று எதிரே வீசும். மயிலாடுதுறையில் இரவு தங்கிக் காலையில் புறப்பட்டால் எட்டு மணிக்குள் கடற்கரை.