‘அந்த’ ஆங்கிலச் சொற்களை நான் படிக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். பாளையங்கோட்டையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்க்கிறேன். மருத்துவத் துறையினருக்கான ஆங்கிலத் தேர்வான ஓஇடி எழுதி, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் வேலை கிடைத்திருக்கிறது. எனக்கு முன்னால் அங்கே போன தோழியிடம் ஒரு நோயாளி, அந்தரங்க உறுப்பைக் கொச்சையாகச் சொல்லி அங்கே வலிக்கிறது என்றாராம். அவளுக்குப் புரியவில்லை. திரும்பத் திரும்பக் கேட்டதில் பக்கத்துப் படுக்கைக்காரர்கள் சிரித்துவிட்டார்கள். அந்தப் பயத்தில் நான் செல்போனில் அப்படிப்பட்ட சொற்களைத் தேடிப் படித்தேன். அண்ணன் பார்த்துவிட்டு, ‘குடும்பப் பொண்ணு படிக்கிற வார்த்தையாட்டி இது?’ என்று சத்தம் போட்டார். நான் செய்தது தப்பா? இதெல்லாம் எனக்குத் தேவைதானா?

பதில்: தப்பே இல்லை, தங்கச்சி. கட்டாயம் தேவை.

நம்ம ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ‘தூரம் தள்ளிப்போச்சு’, ‘வெள்ளை படுது’, ‘கீழ எரியுது’ என்பார்கள். வயசான தாத்தா ‘விதை வீங்கியிருக்கு’ என்பார். பாடப்புத்தகச் சொல்லை யாரும் சொல்வதில்லை. லீட்ஸிலும் அப்படித்தான். ஓஇடி தேர்வு உங்களுக்குப் பண்பான ஆங்கிலம் சொல்லிக் கொடுத்தது. நோயாளி அந்தத் தேர்வை எழுதியவர் இல்லையே.

‘பால்ஸ்’, ‘பாலக்ஸ்’ இரண்டும் விதையைக் குறிக்கிற கொச்சைச் சொற்கள். ‘பாலக்ஸ்’ என்பதை ‘சுத்தப் பொய்’ என்ற பொருளிலும் சொல்வார்கள். ‘டிக்’, ‘காக்’, ‘நாப்’ மூன்றும் ஆண்குறி. ‘வில்லி’ அதையே குழந்தைகளிடம் சொல்லும் விதம். கூச்சப்படுகிறவர்கள் ‘டவுன் பிலோ’ என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வார்கள். ‘வாட்டர்வொர்க்ஸ்’ என்றால் சிறுநீர் சம்பந்தப்பட்டது, ‘பேக் பேசேஜ்’ என்றால் ஆசனவாய். ‘ஸ்க்ரூ’ என்பது உடலுறவுக்குக் கொச்சை. ‘ஸ்லீப் வித்’ அதற்கே நாகரிகமான சொல்.

சில சொற்களுக்கு அமெரிக்காவில் ஒரு பொருள், பிரிட்டனில் வேறு பொருள். ‘ஃபேனி’ அமெரிக்காவில் பிட்டம். பிரிட்டனில் பெண்ணுறுப்பு, அதுவும் கொச்சையாக. ‘பிஸ்ட்’ என்றால் அமெரிக்கர்களுக்குக் கோபம், பிரிட்டிஷ்காரர்களுக்குக் குடிபோதை. தலையில் அடிபட்டு வந்தவரைப் பற்றி ‘விழும்போது பிஸ்ட் ஆக இருந்தான்’ என்று நண்பர் சொன்னால், அது நீங்கள் டாக்டரிடம் சொல்லியே ஆகவேண்டிய தகவல். நாம் சாதாரணமாகச் சொல்கிற ‘பேண்ட்’ அங்கே உள்ளாடை. முழங்காலைப் பார்ப்பதற்காக ஒருவரிடம் பேண்ட்டைக் கழற்றச் சொன்னால் அவர் திகைத்துப் போவார். ‘ட்ரவுசர்ஸ்’ என்று சொல்லிப் பழகுங்கள். மலத்துக்கு ‘மோஷன்’ வேண்டாம், ‘பூ’ என்றே கேட்கலாம். அங்கத்து அரசு மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸின் இணையதளமே எல்லோருக்கும் புரியவேண்டும் என்று சிறுநீருக்கு ‘பீ’, மலத்துக்கு ‘பூ’ என்றுதான் எழுதுகிறது.

சரி, எல்லோரும் முதலில் பயப்படுகிற ‘ஃபக்’ என்ற சொல்லுக்கு வருவோம். அதன் நேர்ப்பொருள் உடலுறவு. ஆனால் வார்டில் பெரும்பாலும் அந்தப் பொருளில் வராது. ‘ஃபக்கிங் பெயின்’ என்றால் தாங்க முடியாத வலி, அவ்வளவுதான். இங்கிலீஷ்காரர்களுக்கே அதை அச்சில் போட நெடுங்காலம் தயக்கம் இருந்தது. 1928இல் முடிந்த ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதியில் அந்தச் சொல் இல்லை. 1972இல் வந்த துணைத்தொகுதியில்தான் சேர்ந்தது. வலியில் ஒருவர் அப்படிக் கத்தினால் அது உங்களைத் திட்டுவதாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அதே சொல்லையோ, உங்கள் உடம்பைப் பற்றிய வேறு சொல்லையோ உங்களை நோக்கி எறிந்தால் அது வேறு விஷயம். பொறுத்துப் போகாதீர்கள். ‘இப்படிப் பேசாதீர்கள்’ என்று சொல்லிவிட்டு வார்டு பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள். பாலியல் சீண்டல் நடக்காமல் தடுக்கவேண்டியது முதலாளியின் கடமை என்று அங்கே 2024 அக்டோபரிலிருந்து சட்டமே இருக்கிறது. புதிதாக வந்தவள், விசா போய்விடுமோ என்று வாயை மூடிக்கொள்ளும் பெண்களை நினைத்தால் எனக்கு மனசு பதறுகிறது. நீங்கள் அப்படி இருக்கக்கூடாது.

இன்னொன்று, லீட்ஸ் இருக்கிற யார்க்‌ஷயர் பக்கம் கடைக்காரர், பஸ் டிரைவர், பாட்டி எல்லோரும் ‘லவ்’ என்று கூப்பிடுவார்கள். நம்ம ஊர் ஆச்சி ‘ஏ தாயி’ என்பது மாதிரி. அதில் தப்பான நினைப்பு எதுவும் இல்லை.

இத்தனையும் புரிந்தால் போதும், நீங்கள் சொல்லவேண்டியதில்லை. அந்நிய மொழியின் கெட்ட வார்த்தை எவ்வளவு கனம் என்று நம் வாய்க்குத் தெரியாது. நோயாளி ‘பால்ஸ் வலிக்கிறது’ என்றால், முகத்தில் எதுவும் காட்டாமல் ‘டெஸ்டிகிளில் வலியா? எப்போது ஆரம்பித்தது?’ என்று கேளுங்கள். ஓய்வறையில் கூட வேலை பார்ப்பவர்கள் கலகலவென்று கெட்ட வார்த்தை பேசினாலும் நீங்கள் சேர்ந்து பேசவேண்டிய கட்டாயம் எதுவும் கிடையாது.

உங்கள் அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு பையனுக்குத் திடீரென்று விதை முறுக்கிக்கொண்டால், ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை செய்தால்தான் அதைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. அவன் கூச்சத்தோடு ஒரே ஒரு கொச்சை வார்த்தை சொல்வான். அது நர்ஸுக்குப் புரியாமல் போனால் நஷ்டம் அவனுக்கு. தங்கைக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தில் சத்தம் போட்டிருக்கிறார். விஷயம் தெரிந்தால் இறங்கிவருவார்.

அப்புறம், செல்போனில் கண்ட இடத்தில் தேடாதீர்கள், கண்ட படமும் வரும். ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் இணைய அகராதிகளில் இந்தச் சொற்கள் இருக்கின்றன. எது புண்படுத்தும் சொல், எது பேச்சுவழக்கு, எது பிரிட்டிஷ், எது அமெரிக்கன் என்று பக்கத்திலேயே போட்டிருப்பார்கள். லீட்ஸுக்கே உரிய வழக்குகளை அங்கே போன முதல் வாரத்தில் ஒரு மூத்த நர்ஸிடம் தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.