ஐயாவுக்குப் பிறகு கரண்டியை யார் பிடிப்பது?

கேள்வி: தர்மபுரி பஸ் நிலையத்திலும் அரசு மருத்துவமனை வாசலிலும் படுத்துக் கிடப்பவர்களுக்கு எங்கள் சன்மார்க்க அன்னதானக் குழு தினமும் இரவுச் சாப்பாடு கொடுக்கிறது. இதைத் தொடங்கிய ஐயாவுக்கு 78 வயது. உடம்பு முடியவில்லை. "இனி நீயே பார்த்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் மகனும் பழைய அன்பர்கள் சிலரும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. விலகிவிடலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், தர்மபுரி

பதில்: விலகாதீர்கள் தம்பி. ஆனால் வாய்வார்த்தையை மட்டும் நம்பிப் பொறுப்பில் உட்காராதீர்கள்.

முதலில் டிரஸ்ட் பத்திரத்தை எடுத்துப் படியுங்கள். அடுத்த நிர்வாகியை யார், எப்படி நியமிப்பது என்று அதில் இருக்கும். அதன்படி கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, ஐயா கையெழுத்துப் போடட்டும். அந்த நகலோடு போய் வங்கிக் கணக்கில் இரண்டு பேர் கையெழுத்தாக மாற்றுங்கள். நான் சேவை செய்த ஒரு குழுவில் பெரியவர் ஒருவர் மட்டுமே கையெழுத்துப் போடுபவர். அவர் திடீரென்று காலமானார். கணக்கில் பணம் இருந்தும் மளிகைக் கடையில் கடன் சொல்லித்தான் அடுப்பு எரிந்தது. அந்த நாட்கள் இன்னும் மனதில் உறுத்துகின்றன.

காகித வேலை ஒரு மாதத்தில் முடியும். ஐயாவின் தலைக்குள் இருப்பதை வாங்கத்தான் நாளாகும். எங்கள் பெரியவர் போன பிறகு, பஸ் நிலையத்தில் ஒரு அக்கா எங்களிடம் சாப்பாடே வாங்கவில்லை. கையில் நீட்டினால் எழுந்து ஓடிவிடுவார். பொட்டலத்தைத் தூணோரம் வைத்துவிட்டு நான்கு அடி தள்ளி நின்றால்தான் எடுப்பார் என்பது பெரியவருக்கு மட்டும் தெரிந்திருக்கிறது. நாங்கள் கண்டுபிடிப்பதற்குள் அந்த அக்கா எத்தனை ராத்திரி பட்டினி கிடந்தாரோ! யாருக்குச் சர்க்கரை, யாருக்குப் பல் இல்லை, யாருக்கு ஊரில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். ஐயாவால் நடக்க முடியாவிட்டால் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போங்கள். "இனி இவன் வருவான்" என்று அவர் வாயால் சொன்னால்தான் அவர்கள் நம்புவார்கள். மனநலம் பாதித்து அலைபவர்களைப் பாதுகாப்பில் எடுத்து அரசு மருத்துவமனைக்குப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் கடமை 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி காவல் நிலையத்துக்கு உண்டு. ஐயா அங்கே யாரிடம் பேசுவார் என்பதையும் கேட்டு வையுங்கள்.

மகன் விஷயத்துக்கு வருவோம். அப்பாவை ஊருக்குக் கொடுத்துவிட்டு வளர்ந்த பிள்ளை அவர். மனத்தாங்கல் இருக்கத்தான் செய்யும். நீங்களே வீட்டுக்குப் போங்கள். "கணக்கை நீங்க பாருங்கண்ணே" என்று கேளுங்கள். மறுத்தாலும், கேட்டது அவர் மனதில் நிற்கும். பழைய அன்பர்கள் சமையலில் சொல்லும் யோசனைகளை முதல் ஆறு மாதம் அப்படியே கேட்டுக்கொள்ளுங்கள்.

தகுதி இருக்கிறதா என்று குழம்ப வேண்டாம். வள்ளலார் 1867-இல் வடலூர் தருமசாலையில் அடுப்பு மூட்டினார். 1874-இல் மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அதற்குப் பிறகு விறகு வைத்தவர்கள் எல்லோரும் உங்களைப் போன்ற சாதாரண அன்பர்கள்தான். அந்த அடுப்பு இன்றும் எரிகிறது.

ஐயாவோடு இந்த வாரமே ஒரு ராத்திரி போய்வாருங்கள். நோட்டை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.