சேர்ந்த பிறகு என்ன ஆகிறது? - கடிதம்

வணக்கம் ஐயா,

வேலைக்குப் போன பிறகுதான் ஆங்கிலத்தில் எழுதவே ஆரம்பித்தேன். ‘ஜாயின்’ என்ற சொல்லுக்கு அகராதியைப் புரட்டினால் கனெக்ட், அட்டாச், யுனைட், கம்பைன், மெர்ஜ் என்று வரிசையாக வருகிறது. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘சேர்’, ‘இணை’தான். ஒன்றுக்குப் பதில் இன்னொன்றைப் போட்டால் மேலதிகாரி திருத்திவிடுகிறார், காரணம் சொல்வதில்லை. எப்படிப் பிரித்தறிவது?

எம்.

அன்புள்ள எம்.,

அகராதி அக்கம்பக்கத்துச் சொற்களைக் காட்டும். எது எங்கே பொருந்தும் என்பது வாக்கியத்தில்தான் தெரியும். சேர்ந்த பிறகு அந்த இரண்டும் என்ன ஆகின்றன என்று கேட்டுப் பாருங்கள், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரிட்டனின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். 1707 மே 1 அன்று இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் ஒரே ராஜ்யமாயின. அந்த ஒப்பந்தத்தின் முதல் பிரிவில் இருக்கும் சொல் ‘யுனைட்’. தனித்தனியாக இருந்த இரண்டு நாடாளுமன்றங்களும் போய் ஒன்றே ஆனது. 1973 ஜனவரி 1 அன்று அதே பிரிட்டன் ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் சேர்ந்தது. இதற்கு ‘ஜாயின்’தான். ஏற்கெனவே இருக்கும் அமைப்புக்குள் புதிதாக ஒருவர் நுழைகிறார். அமைப்பும் கரையவில்லை, நுழைந்தவரும் கரையவில்லை. அந்தச் சமூகத்தின் பிற்கால வடிவமான ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து 2020 ஜனவரி 31 அன்று வெளியேறியபோது அதற்கு நேர் எதிரான ‘லீவ்’ என்ற சொல் தயாராக இருந்தது. நடுவே, 1994இல், ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் சுமார் 50 கிலோமீட்டர் நீளச் சுரங்கம் திறக்கப்பட்டது. அது இங்கிலாந்தையும் பிரான்சையும் ‘கனெக்ட்’ செய்கிறது; ‘லிங்க்’ என்றும் சொல்லலாம். கரைகள் ஒன்றையொன்று தொடவில்லை, நடுவில் ஒரு வழி இருக்கிறது, அவ்வளவுதான். ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகும் அதில் ரயில் ஓடுகிறது.

‘மெர்ஜ்’ என்றால் எல்லைக்கோடே அழிந்துவிடும். 2020 ஏப்ரல் 1 அன்று அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடு இணைந்தபோது ஒரு பெயர் மறைந்தது அப்படித்தான். ‘அட்டாச்’சில் சின்னது பெரியதோடு ஒட்டிக்கொள்ளும், மின்னஞ்சலோடு கோப்பு போவதுபோல. ஒரு காரியத்துக்காகப் பலவற்றை ஒன்றுசேர்த்தால் ‘கம்பைன்’.

‘ஜாயின்’ கொஞ்சம் தனி ரகம். இங்கிலாந்தில் கதவு, ஜன்னல், மாடிப்படி செய்யும் தச்சருக்கு ‘ஜாயினர்’ என்றே பெயர். ஒரு மரத்தின் துளைக்குள் இன்னொன்றின் முளையைச் செருகி, விளிம்போடு விளிம்பு பொருந்த வைப்பது அவர் தொழில். இந்தச் சொல்லின் லத்தீன் வேருக்கு நுகத்தில் பூட்டுவது என்று பொருள். நம் காதில் தினமும் விழும் ‘யோகம்’கூட அதே குடும்பத்துச் சொல்தான். எனக்கு மிகவும் பிடித்த உறவு இது.

உங்கள் மேலதிகாரி அதிகம் திருத்தியிருப்பது வேறொன்று என்று நினைக்கிறேன். தமிழில் ‘கம்பெனியில் சேர்ந்தேன்’ என்கிறோம். அந்த ‘இல்’ அப்படியே வந்து ‘ஐ ஜாயின்ட் இன் த கம்பெனி’ ஆகிவிடுகிறது. அங்கே ‘இன்’ வேண்டாம். ‘ஐ ஜாயின்ட் த கம்பெனி’ போதும். ‘ஜாயின் இன்’ என்றால் மற்றவர்கள் ஏற்கெனவே செய்துகொண்டிருக்கும் பாட்டிலோ விளையாட்டிலோ நாமும் கலந்துகொள்வது. ‘எங்களோடு சேருங்கள்’ என்பதற்கும் ‘ஜாயின் அஸ்’ போதும், ‘வித்’ தேவையில்லை. ஒரு பொருளை இன்னொரு பொருளோடு பொருத்தும்போது மட்டும் ‘டு’ வரும்.

இன்னொன்று. தமிழில் ‘சேர்ந்தான்’, ‘சேர்த்தான்’ என்று ஓர் எழுத்திலேயே தானாகச் சேர்வதும் பிறிதைச் சேர்ப்பதும் பிரிந்துவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ஜாயின்ட்’. பின்னால் என்ன வருகிறது என்று பார்த்துத்தான் பொருள்கொள்ள வேண்டும். அதனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாதீர்கள். ‘ஜாயின் த ஆர்மி’, ‘ஜாயின் த க்யூ’, ‘ஜாயின் ஹேண்ட்ஸ்’ என்று துணைச்சொல்லோடு சேர்த்தே பழகுங்கள்.

நம் அலுவலகங்களில் புழங்கும் ‘ஜாயினிங் ரிப்போர்ட்’ தப்பில்லை. ஆனால் லண்டனில் இருப்பவருக்கு எழுதும்போது, எந்தத் தேதியில் வேலையில் சேர்ந்தேன் என்பதற்கு ‘ஸ்டார்ட்’ போட்டால் இயல்பாக இருக்கும்.

அவர் திருத்திய வாக்கியங்களில் இரண்டு மூன்றை அப்படியே எழுதி அனுப்புங்கள், அவற்றை வைத்தே மேலும் பேசலாம்.