இளகிய உணவு மீண்டும் உறைந்துவிட்டது, சாப்பிடலாமா?

வாசகி ஒருவர் எழுதியிருக்கிறார்: "சென்ற வாரம் எங்கள் பகுதியில் இரவு 8 மணிக்குப் போன மின்சாரம் விடியற்காலை 5 மணிக்குத்தான் வந்தது. எங்களுடையது ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ். குளிர்ந்த தண்ணீருக்காக இடையில் இரண்டு மூன்று முறை திறந்தும்விட்டோம். காலையில் பார்த்தபோது, ஞாயிற்றுக்கிழமை சமைத்து ஃப்ரீசரில் வைத்த கோழிக் குழம்பு ஓரங்களில் இளகி, நடுவில் கட்டியாக இருந்தது. கழுவி வைத்த வஞ்சிரத் துண்டுகள் மெத்தென்று ஆகிப் பையில் நீர் தேங்கியிருந்தது; தொட்டபோது சில்லென்றும் இல்லை. கடையில் வாங்கிய பரோட்டா பாக்கெட்டும் நெகிழ்ந்திருந்தது. இப்போது எல்லாம் மறுபடி கல்லாக உறைந்துவிட்டன. சாப்பிடலாமா? வீட்டில் 4 வயதுக் குழந்தையும் சர்க்கரை நோய் உள்ள மாமியாரும் இருக்கிறார்கள்."

மீனைக் கொட்டிவிடுங்கள். கோழிக் குழம்பை, கீழே சொல்லும் ஒரு நிபந்தனையோடு, நன்கு கொதிக்கவைத்துச் சாப்பிடலாம். பரோட்டாவால் ஆபத்தில்லை, ருசிதான் குறைந்திருக்கும்.

ஒரே ஃப்ரீசரில் ஒரே இரவு இருந்த மூன்று பொருட்களுக்கு மூன்று விதமான பதில் ஏன் என்று கேட்பீர்கள். உறையவைப்பது கிருமிகளைக் கொல்லும் என்ற எண்ணம் பலருக்கும் இருக்கிறது, அது சரியன்று. மைனஸ் 18 டிகிரியில் கிருமிகளின் பெருக்கம் நின்றுபோகிறது, அவ்வளவுதான். உணவு இளகி 4 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும், நின்ற இடத்திலிருந்தே கணக்கு மறுபடி ஓடத் தொடங்கும். தோதான சூட்டில் சில வகைக் கிருமிகள் 20 நிமிடங்களுக்கு ஒரு முறை இரட்டிப்பாகும் என்பதால், 4 மணி நேரத்தில் ஒன்று நாலாயிரத்துக்கு மேல் ஆகிவிடும். மீண்டும் உறையும்போது அந்த நாலாயிரமும் அப்படியே காத்திருக்கும். ஆகவே எத்தனை முறை உறைந்தது என்று எண்ணுவதைவிட, இடையில் எவ்வளவு நேரம், எந்தச் சூட்டில் இருந்தது என்று பார்ப்பதே முறை. ஃப்ரிட்ஜுக்கு வெளியே மொத்தம் 2 மணி நேரம், சுற்றுப்புறம் 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம் என்பது அமெரிக்க வேளாண் துறை வகுத்துள்ள வரம்பு. நம் ஊர்க் கோடையில், மின்விசிறியும் ஓடாத இரவில், அந்த 1 மணி நேரத்தையே கணக்கில் கொள்ள வேண்டும்.

மூடியே இருந்தால், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும் என்று அதே துறை சொல்கிறது. அதை நம்பி நிம்மதியாக இருந்துவிட வேண்டாம். ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் மேல்தட்டில் மெல்லிய பிளாஸ்டிக் மூடியோடு இருக்கும் சிறு அறைக்கு அந்த மணிக்கணக்கு பொருந்தாது. நீங்களோ கதவையும் திறந்திருக்கிறீர்கள். எனவே கடிகாரத்தை விட்டுவிட்டு, காலையில் உங்கள் கை கண்டதையே சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். உணவுக்குள் பனிக்கட்டி மிச்சம் இருந்தாலோ, ஃப்ரிட்ஜில் வைத்தது போலச் சில்லென்று இருந்தாலோ, அதை மீண்டும் உறையவைக்கலாம் என்பதே பொதுவான விதி.

வஞ்சிரம் இந்தச் சோதனையில் தேறவில்லை. பையில் தேங்கிய நீர் வெறும் தண்ணீரன்று. வீட்டு ஃப்ரீசர் மெதுவாக உறையவைப்பதால் பெரிய பெரிய பனித் துகள்கள் உண்டாகி மீனின் திசுக்களைக் கிழிக்கின்றன. இளகும்போது அவற்றிலிருந்து கசியும் புரதச் சாறு அது. கிருமிகளுக்கு அதைவிட நல்ல விருந்து கிடையாது. இன்னொரு சிக்கலும் உண்டு. வஞ்சிரம், சூரை, கானாங்கெளுத்தி, மத்தி போன்ற மீன்கள் குளிர் குறைந்த நிலையில் கிடந்தால், அவற்றில் ஹிஸ்டமின் என்னும் பொருள் சேரும். அது சேர்ந்த பிறகு உறையவைத்தாலும் போகாது, குழம்பில் கொதித்தாலும் போகாது. சாப்பிட்ட சிறிது நேரத்தில் முகம் சிவந்து, தலைவலியும் அரிப்பும் படபடப்பும் வரும். பலர் அதை மீன் ஒவ்வாமை என்று நினைத்துக்கொள்வார்கள். வஞ்சிரம் விற்கும் விலைக்குக் கொட்ட மனம் வராது என்பது எனக்கும் தெரியும். இருந்தாலும் கொட்டத்தான் வேண்டும்.

கோழிக் குழம்பின் நடுவில் கட்டி இருந்ததால், அந்த இரவைப் பற்றி நான் கவலைப்படவில்லை. என் கவலை ஞாயிற்றுக்கிழமையைப் பற்றியது. மதியம் இறக்கிய குழம்பு அடுப்பு மேடையிலேயே ஆறி, இரவுச் சாப்பாட்டுக்கும் எடுத்ததுபோக மீதிதான் டப்பாவுக்குப் போனது என்றால், அனுமதிக்கப்பட்ட நேரம் முழுவதும் அன்றைக்கே செலவாகிவிட்டது. சமைக்கும் சூட்டையும் தாங்கி உயிர்பிழைக்கும் வித்துகள் சில கிருமிகளுக்கு உண்டு. பெரிய பாத்திரத்தில் மெல்ல ஆறும் கறிக்குழம்பு அவை முளைப்பதற்கு மிக வசதியான இடம். இறக்கிய 2 மணி நேரத்துக்குள், வெயில் 32 டிகிரியைத் தாண்டிய நாளென்றால் 1 மணி நேரத்துக்குள், ஃப்ரிட்ஜுக்கோ ஃப்ரீசருக்கோ போன குழம்பு என்றால் தயங்காமல் எடுங்கள். வெகுநேரம் வெளியில் இருந்தது என்றால் அதையும் விட்டுவிடுங்கள். எடுத்தால் ஓரம் மட்டும் கொப்பளிக்கும்போதே இறக்கிவிடாமல், நடுவிலிருக்கும் துண்டு வரை ஆவி பறக்கும்படி கிளறிக் கொதிக்கவிட்டு, ஒரே வேளையில் முடித்துவிடுங்கள். மிச்சம் வந்தாலும் மூன்றாம் முறை உறையவைக்க வேண்டாம்.

பரோட்டாவின் மாவில் இறைச்சி, மீன் அளவுக்கு ஆபத்து கிடையாது. அடுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டி, கல்லில் போட்டால் சற்றுத் தடிப்பாக வரும். உள்ளே பனீர், உருளைக்கிழங்கு, கறி போன்ற பூரணம் வைத்ததாக இருந்தால் மட்டும் இந்தச் சலுகை கிடையாது. பனிக்கட்டியோ ஃப்ரிட்ஜின் சில்லிப்போ மிச்சம் இல்லையென்றால் அதையும் விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்கவில்லை என்றாலும், ஃப்ரீசரில் ஐஸ்கிரீம் இருந்து உருகியிருந்தால் அதைக் குழந்தைக்குக் கொடுக்காதீர்கள்.

முகர்ந்து பார்த்து முடிவு செய்வது நம் சமையலறைகளின் பழைய வழக்கம். நோய் தரும் கிருமிகளில் பெரும்பாலானவை வாடையைக் காட்டிக்கொடுக்கா. இன்னொரு கொதி விட்டால் சரியாகிவிடும் என்பதும் பாதிதான் உண்மை: கொதியில் கிருமி சாகும், ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், பாசில்லஸ் சீரியஸ் போன்றவை ஏற்கெனவே உணவில் விட்டுச்சென்ற நஞ்சு கொதியைத் தாங்கிவிடும். குழந்தைகளும் முதியோரும் கர்ப்பிணிகளும் சர்க்கரை நோயாளிகளும் இருக்கும் வீட்டில், சந்தேகம் வந்தால் தட்டில் வைக்கக் கூடாது.

இளகியதை மீண்டும் உறையவைக்கக் கூடாது என்று ஒரு பக்கமும், கூடும் என்று இன்னொரு பக்கமும் நீங்கள் படித்திருக்கலாம். இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. ஃப்ரிட்ஜுக்குள்ளேயே இளக்கிய பச்சை இறைச்சியைச் சமைக்காமலே திரும்ப உறையவைக்கலாம் என்கிறது அமெரிக்க வேளாண் துறை. பிரிட்டனில் தரப்படும் அறிவுரையோ, சமைத்த பிறகே உறையவைக்க வேண்டும் என்கிறது. காலையில் கோழியை எடுத்துச் சிங்க்கில் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பழக்கம் நம்மிடம் இருப்பதால், நான் பிரிட்டன் பக்கம். ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் முந்தின இரவே வைத்து இளக்கினால் இந்தத் தலைவலியே இல்லை. தண்ணீரிலோ மைக்ரோவேவிலோ இளக்கினால் உடனே சமைத்துவிட வேண்டும்.

அடுத்த மின்வெட்டுக்கு முன் ஒரு சிறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஒரு எவர்சில்வர் டம்ளரில் முக்கால் அளவு தண்ணீர் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து பார்க்கும்போதும், யாராவது டீஃப்ராஸ்ட் பொத்தானை அழுத்திவிட்டு மறந்துபோன மறுநாளும், நாணயம் மேலேயே இருந்தால் பனி உருகவில்லை. அடியில் போய் உறைந்திருந்தால், நீங்கள் பார்க்காத நேரத்தில் டம்ளர் முழுவதும் தண்ணீராகி, பக்கத்தில் இருந்த மீனும் கறியும் இளகி, எல்லாம் மறுபடி இறுகியிருக்கின்றன.